வாரத்துக்கு 14 மணி நேரம் போதுமா? சிறு பண்ணையின் வேலைக் கணக்கு

கேள்வி: "ஒரு கறவை மாடு, நான்கு ஆடு, பத்துக் கோழி, கொஞ்சம் காய்கறிப் பாத்தி. நானும் மனைவியும் வெளி வேலைக்குப் போகிறவர்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், ஆக வாரத்துக்கு 14 மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். சரியாக வருமா?"

மார்ச் 3, 2025, திங்கள் இரவு

வராது. மாடு இருந்தால் நிச்சயம் வராது.

எங்களுக்கு இது பதினோராம் வருடம். சினையாக இருக்கும் ஒரு கறவை மாடு, ஒரு கிடேரி, ஒன்பது ஆடு, இருபத்திரண்டு கோழி, காய்கறிக்கு எட்டுப் பாத்தி. வேலைக்கு நான், கணவர், அத்தை. கணவர் வாரத்தில் ஐந்து நாள் வெளி வேலைக்குப் போகிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறவர்கள், கோழி அவர்கள் பொறுப்பு.

எந்த நாளும் மாறாத வேலை இவ்வளவு: காலை 5 மணிக்குப் பால், தொழுவம் கூட்டுதல், தண்ணீர், தீவனம், கோழி திறப்பு. மாலை 5 மணிக்கு மறுபடி பால், முட்டை எடுப்பு, இருட்டுவதற்குள் கோழிக் கூண்டு அடைப்பு. இதற்கு மேல் திங்கள் களை, செவ்வாய் கோழிக் கூண்டுப் படுக்கை மாற்றுதல், வியாழன் விதையும் நாற்றும், வெள்ளி எருக்குழி, சனி வேலியைச் சுற்றி வருதல், இரண்டு நாளுக்குச் சேர்த்துப் புல் அறுத்தல். ஞாயிறு ஆடு: குளம்பு, புழு மருந்து.

புதன் காலி. அது ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

தண்ணீரை ஒரே சொல்லில் தாண்டிவிட்டேன். அது தப்பு.

கறவையில் இருக்கும் மாடு வெயில் நாளில் 60 லிட்டருக்கு மேல் குடிக்கும், அதிகம் கறப்பது 100 லிட்டர்கூடக் குடிக்கும். முதல் இரண்டு வருடம் எங்களுக்கு வாளிதான். ஒரு வாளி பத்து லிட்டர், அதாவது பத்துக் கிலோ. மாட்டுக்கு மட்டும் தினமும் ஏழெட்டு நடை. அப்புறம் ஆடு, கோழி, நாற்று. அந்த இரண்டு வருடத்தில் எனக்குத் தோள்வலி இல்லாத நாள் நினைவில் இல்லை. மூன்றாம் வருடம் குழாய் இழுத்துத் தொட்டியில் மிதவை வால்வு வைத்தோம். தினமும் முக்கால் மணி நேரம் மிச்சமானது.

நீங்கள் இன்னும் எதுவும் வாங்கவில்லை என்றால் முதல் பணத்தைக் குழாய்க்குப் போடுங்கள். மாட்டுக்கு அப்புறம் போடலாம்.

மார்ச் 9, ஞாயிறு

வாயால் சொன்னால் போதாது என்று ஒரு வாரம் முழுக்க நோட்டில் நேரம் எழுதினோம். தொழுவத் தூணில் ஆணி அடித்து நோட்டைத் தொங்கவிட்டு, யார் எந்த வேலை செய்தாலும் தொடக்கமும் முடிவும் குறித்தோம். பெரியவர்கள் மூவருக்குமாகச் சேர்த்து வந்தது இது.

மாடு (பால், பாத்திரம் கழுவுதல், தொழுவம்) 13 மணி. புல் அறுத்துக் கொண்டுவந்து நறுக்குதல் 9 மணி. ஆடு 5. கோழி 3.5. காய்கறி 6. வேலியும் பழுதும் 2. மொத்தம் 38.5 மணி நேரம்.

உங்களுக்கு ஆடும் கோழியும் பாதிதான், அது குறையும். ஆனால் மாடு ஒன்றுதானே, அதனால் அந்த 13 மணி அப்படியே நிற்கும். பத்து ஆட்டைப் பார்க்க ஐந்து ஆட்டைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆவதில்லை, ஆனால் ஒரே ஒரு மாட்டுக்கும் பால் பாத்திரம் முழுசாகத்தான் கழுவ வேண்டும். நீங்கள் ஒதுக்கிய 14 மணி நேரத்தை மாடு ஒன்றே எடுத்துக்கொள்ளும். புல்லையும் சேர்த்தால் அது 22.

மார்ச் 10, திங்கள்

நேற்றைய கணக்கு தவறு.

அத்தை நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் காலையில கொட்டில் வாசல்ல நிக்கிறனே, அது எங்கம்மா?" என்று கேட்டார். எங்கும் இல்லை. அதை ஒரு வேலை என்று நாங்கள் யாருமே எழுதவில்லை.

அவர் தினமும் தீவனம் வைத்த பிறகு பத்து நிமிடம் வாசலில் அசையாமல் நிற்பார். முதலில் ஓடி வந்தது எது, ஒதுங்கி நின்றது எது. படுத்த மாடு அசை போடுகிறதா. சாணம் இளகியிருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா. இடது விலாப் பள்ளம் எப்படி இருக்கிறது. காது தொங்கியிருக்கிறதா. பால் கறக்கும்போதும் புல் போடும்போதும் நம் கண் கையைத்தான் பார்க்கும். அதனால் எந்த வேலையும் இல்லாமல் நிற்க வேண்டும் என்பார்.

போன வருடம் அப்படி நின்றபோதுதான் கிடேரியின் இடது பக்கம் மேடாக எழும்பியிருப்பதைக் கண்டார். பனி காயாத பயறு வகைத் தீவனத்தை அவிழ்த்து வந்து வயிறு நிறைய மேய்ந்திருக்கிறது. இளசான பயறு வகைச் செடி வயிற்றுக்குள் நுரையாகப் பொங்கும். நுரைக்குள் சிக்கிய காற்று ஏப்பமாக வெளியே வராது. விலாவைத் தட்டினால் மேளம் மாதிரி சத்தம் கேட்டது. முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டோம். அவர் குழாய் செலுத்தி எண்ணெய் கொடுத்தார். எண்ணெய் நுரையை உடைக்கும். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கிடேரி இருந்திருக்காது என்றார்.

ஆகவே 38.5 உடன் தினமும் பத்து நிமிடம், காலையும் மாலையும். வாரத்துக்குக் கிட்டத்தட்ட 2 மணி 20 நிமிடம். மொத்தம் 41 மணி நேரத்தை நெருங்குகிறது. உங்கள் கணக்கில் வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

மார்ச் 10, மறுபடி

தண்ணீர் பற்றி எழுதியதிலும் ஒன்று உறுத்துகிறது. வாளி சுமந்த காலத்தில் மாடு எவ்வளவு குடித்தது என்று எங்களுக்குச் சரியாகத் தெரியும். ஏழு வாளி குடிக்கிற மாடு நாலு வாளியோடு நிறுத்தினால் அன்றே கேள்வி வரும். மிதவை வால்வு வந்த பிறகு தொட்டி எப்போதும் நிறைந்தே நின்றது, மாடு குடித்ததா இல்லையா என்று தெரியாமலே போனது. இப்போது இரவில் வால்வை மூடிவிடுகிறோம். தொட்டியின் உள்பக்கம் கணவர் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறார். காலையில் எந்தக் கோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் திறக்கிறோம்.

மார்ச் 12, புதன்

"பால் கறப்பதற்கு முன்பே தீவனம் முழுவதையும் வைத்துவிட்டால் நேரம் மிச்சமாகுமே?" என்று கேட்கிறார் ஒருவர்.

கறக்கும்போது வாய்க்கு ஒரு பிடி அடர்தீவனம் (பிண்ணாக்கு, தவிடு, தானியக் கலவை) வைக்கலாம். பசும்புல்லைக் கறந்த பிறகு வையுங்கள். கறந்து முடித்ததும் காம்பின் துளை உடனே மூடாது, அரை மணி நேரத்துக்கு மேல் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணத்திலும் ஈரத்திலும் படுத்தால் கிருமி உள்ளே ஏறும், மடிநோய் வரும். புல் முன்னால் இருந்தால் மாடு நின்றுகொண்டே தின்னும், அதற்குள் துளை மூடிவிடும்.

மார்ச் 16, ஞாயிறு

முதல் குறிப்பில் "ஞாயிறு ஆடு: குளம்பு, புழு மருந்து" என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு "எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு அளவு?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வரியை எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய பழக்கம் கையில் வந்துவிட்டது. நாங்கள் இப்போது அப்படிச் செய்வதில்லை. செய்ததன் பலனை அனுபவித்தவர்கள் நாங்கள்.

தொடங்கிய புதிதில், ஆடு விற்றவர் சொன்னபடி மாதத்தின் முதல் ஞாயிறு எல்லா ஆட்டுக்கும் புழு மருந்து ஊற்றினோம். காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, ஒரு மாதமும் தவறாமல். ஒழுங்காகச் செய்கிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. மூன்று வருடம் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் வருடம் மழை முடிந்ததும் செவலை ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கியது. மருந்து ஊற்றி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. புழுவாக இருக்காது, இப்போதுதானே மருந்து கொடுத்தோம் என்று நினைத்துவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. மகள் அதற்குப் பால் புட்டி பிடித்து வளர்த்தவள். அன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை.

மருத்துவர் வந்து கண் இமையை விரித்துக் காட்டினார். உள்ளே காகிதம் மாதிரி வெள்ளை. ஆட்டின் நாலாம் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழு ஒன்று இருக்கிறது. ஒரு புழு குடிப்பது ஒரு நாளைக்கு 0.05 மில்லி லிட்டர்தான். ஆனால் ஆயிரம் புழு இருந்தால் அது தினமும் 50 மில்லி லிட்டர். பெண் புழு நாளுக்கு ஐயாயிரம் முட்டைகூட இடும். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றினால், மருந்துக்குச் சாகாத புழு மட்டும்தான் மிஞ்சும், அதன் குஞ்சுகள்தான் மேய்ச்சல் முழுக்கப் பரவும். நாங்களே மூன்று வருடம் பொறுக்கி வளர்த்திருக்கிறோம் அந்தப் புழுவை.

இப்போது ஞாயிறு காலை ஒவ்வோர் ஆட்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கண் பார்க்கிறோம். மேல் இமையைக் கட்டைவிரலால் கண்மேல் மெதுவாக அழுத்தி, கீழ் இமையை இறக்கினால் உள்சதை பிதுங்கி வரும். அதன் நிறம்தான் கணக்கு. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்று ஐந்து நிறம் கொண்ட அட்டை ஒன்று உருவாக்கினார்கள். அதை வகுத்த மருத்துவர் ஃபாஃபா மலான் பெயரை வைத்து ஃபமாச்சா என்று அழைக்கிறார்கள். 1 நல்ல சிவப்பு, 2 சற்றுக் குறைந்த சிவப்பு. இரண்டுக்கும் மருந்து வேண்டாம். 3 யோசிக்க வேண்டியது: குட்டி, சினை ஆடு, இளைத்த ஆடு என்றால் கொடுக்கிறோம். 4, 5 என்றால் அன்றே மருந்து. எங்கள் ஒன்பதில் பெரும்பாலான வாரம் ஒன்றுகூட மருந்துக்கு வராது. வந்தால் வெள்ளச்சிதான் வரும். ஒரே மந்தையில் சில ஆடுகள்தான் பெரும்பகுதிப் புழுவைச் சுமக்கும் என்று மருத்துவர் சொன்னது அப்படியே இருக்கிறது.

நிறத்தை மனதால் ஒப்பிடக் கூடாது, அட்டையைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நானும் கணவரும் தனித்தனியாகப் பார்த்து எண் சொல்வோம். ஒத்துவராவிட்டால் அத்தை பார்ப்பார். மருந்தின் அளவை உங்கள் மருத்துவரிடம் ஆட்டை எடை போட்டுக் கேளுங்கள், நான் சொல்ல மாட்டேன்.

குளம்பு ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை. பாறையில் நடக்கிற ஆட்டுக்குத் தானாகத் தேயும், மண்ணிலேயே நிற்கிற ஆட்டுக்கு ஓரம் வளர்ந்து உள்ளே மடியும், மடிப்புக்குள் சாணம் சேர்ந்து அழுகும். கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, வெள்ளையாக இருக்கிற அடி இளஞ்சிவப்பாகத் தெரிந்ததும் கத்தியை நிறுத்துங்கள். அடுத்த சீவலில் இரத்தம் வரும்.

மார்ச் 17, திங்கள்

மேய்ச்சலை எத்தனை நாளுக்கு மாற்றுவது என்று கேட்டவருக்கு வாரம் ஒருமுறை என்று பதில் எழுதியிருந்தேன். கணவர் படித்துவிட்டுத் திருத்தச் சொன்னார், அவர் சொல்வதுதான் சரி. கதகதப்பும் ஈரமும் இருந்தால் புழுக்கையோடு விழுந்த புழு முட்டை நாலைந்து நாளிலேயே தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். ஏழு நாள் ஒரே இடத்தில் நின்றால் ஆடு தான் போட்டதையே திரும்பத் தின்னும். நாலு நாளுக்குள் மாற்றுங்கள், திரும்பி வர எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ தள்ளிப்போடுங்கள். புல்லை ஒரு சாணுக்குக் கீழே கடிக்க விடாதீர்கள். புழுக்குஞ்சு பெரும்பாலும் தரையை ஒட்டிய நாலு விரற்கடைக்குள்தான் இருக்கும்.

மார்ச் 22, சனி

வேலிக்குப் போகும் வழியில் மகன் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினான். கருப்பி என்கிற ஒரே கோழியைப் பத்து நாளாகக் கவனித்து எழுதியிருக்கிறான். திங்கள் காலை எட்டுக்கு முட்டை. செவ்வாய் ஒன்பதரை. புதன் பதினொன்று. இப்படியே தள்ளிப்போய் வெள்ளி பிற்பகல் இரண்டுக்கு. சனி முட்டையே இல்லை. ஞாயிறு மறுபடி காலை.

ஒரு முட்டை கோழிக்குள் உருவாக 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆகும், 26 வரைகூடப் போகும். அதனால் நேரம் தினமும் பின்னுக்கு நகர்ந்துகொண்டே வரும், பிற்பகல் தாண்டியதும் ஒரு நாளை விட்டுவிட்டு மறுநாள் காலையிலிருந்து தொடங்கும். எனக்கு இது தெரியும், ஆனால் அவனுக்கு நான் சொல்லவில்லை. அவனே கண்டுபிடித்தான். காகிதத்தை அவன் அப்பா இன்னும் ஒரு ஆணி அடித்து நேராக மாட்டினார்.

இதனால் வேலைக்கு என்ன பயன் என்றால், முட்டையை மாலையில் ஒரே தடவை எடுத்தால் போதாது. காலை பத்துக்கும் ஒருமுறை எடுத்தால் உடைவதும் கோழியே கொத்தித் தின்னப் பழகுவதும் குறையும். ஒரு கோழி முட்டை தின்னப் பழகிவிட்டால் அதை மாற்றுவது பெரும் பாடு.

மார்ச் 28, வெள்ளி

எருக்குழி நாள். வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கோழி எச்சம் மிகச் சூடானது, நேராகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். வைக்கோல் தனியாகக் கிடந்தால் மட்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். இரண்டையும் அடுக்கடுக்காகக் கலந்தால் ஒன்றுக்கொன்று வழிகாட்டும். கரிமம் முப்பது பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்பது புத்தகக் கணக்கு. நான் மூக்கால் பார்க்கிறேன். மூச்சை அடைக்கும் நெடி வந்தால் வைக்கோல் சேர்ப்பேன். நெடியும் இல்லை, சூடும் இல்லை என்றால் சாணமும் தண்ணீரும். பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும்.

குவியலின் நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைத்திருக்கிறேன். கால் மணி நேரம் கழித்து உருவி உள்ளே இருந்த பகுதியைப் பிடித்தால் கையில் வைத்திருக்க முடியக் கூடாது. 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது நிற்க வேண்டும், அப்போதுதான் களை விதையும் நோய்க் கிருமியும் சாகும். ஓரத்தில் இருப்பது சூடாகாது, அதனால் ஓரத்தை நடுவுக்குக் கொண்டுபோய்ப் புரட்ட வேண்டும். இன்று காலை புரட்டும்போது நடுவிலிருந்து ஆவி எழும்பி என் கண்ணாடி முழுக்கப் படிந்துவிட்டது. கீழ் அடுக்கில் வைக்கோல் என்று அடையாளமே இல்லை, கருப்பாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு உதிர்ந்தது.

மட்காத சாணத்தைக் காய்கறிக்குப் போடலாமா என்று கேட்டவருக்கு: அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதிப்படி, மண்ணைத் தொடும் காய்கறி என்றால் அறுவடைக்கு 120 நாளுக்கு முன்பே போட்டு மண்ணில் கலந்திருக்க வேண்டும். மண்ணைத் தொடாததற்கு 90 நாள். நான் கீரைப் பாத்திக்கு எப்போதும் மட்கியதுதான் போடுகிறேன்.

ஏப்ரல் 2, புதன்

புதன் ஏன் காலி என்று சொல்கிறேன் என்றேன், ஒரு மாதம் ஆகிவிட்டது.

முதலில் எங்களுக்கும் ஏழு நாளும் நிறைந்திருந்தது. ஏதாவது ஒன்று உடையும். வேலிக்கால் சாயும், குழாய் ஒழுகும், ஆடு குட்டி போடும். அன்றைய வேலை மறுநாளுக்குப் போகும், மறுநாளுடையது அதற்கடுத்த நாளுக்கு. சனிக்கிழமை வரும்போது மூன்று நாள் பாக்கி நிற்கும், ஞாயிறு முழுக்க ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவோம். கணவரும் நானும் சண்டை போட்டதெல்லாம் பெரும்பாலும் முடிக்காத வேலைக்காகத்தான். ஒரு ஞாயிறு இரவு இருவரும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது அத்தை வந்து, "ஏழு நாளையும் நீங்களே எடுத்துக்கிட்டா, உடையுற பொருளுக்கு எந்த நாள் குடுப்பீங்க?" என்றார். அந்த வாரத்திலிருந்து புதன் யாருக்கும் இல்லை. பால், தண்ணீர், தீவனம் மட்டும். மற்ற நேரம் அந்த வாரம் எது உடைந்ததோ அதற்கு.

ஒன்றும் உடையாத புதன் வருடத்துக்கு நாலைந்து வரும். அன்று நான் பகலில் தூங்குவேன்.

இன்று காலை ஆட்டுக் கொட்டிலின் கதவுக் கீல் கழன்று தொங்கியது. நாளை விதைக்க வேண்டிய பாத்திக்கு அதனால் ஒரு இடைஞ்சலும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாலு நாள் விடாத மழை. நோட்டில் இந்த வாரம் 47 மணி நேரம். புல் ஈரமாக இருந்தால் அறுக்கவும் சுமக்கவும் இரண்டு மடங்கு. கோழிப் படுக்கை நனைந்ததால் செவ்வாய் மாற்றியதை வெள்ளியும் மாற்றினோம். ஈரப் படுக்கையில் குஞ்சுக்கு இரத்தக் கழிச்சல் வரும், அதில் சோம்பல் கூடாது.

கண் பார்த்ததில் வெள்ளச்சி 4. மருந்து கொடுத்தோம். கருப்பன் 3, ஆனால் தாடை, எடை, சாணம் எல்லாம் நன்றாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், வியாழனே மறுபடி பார்ப்பது என்று முடிவு.

ஏப்ரல் 10, வியாழன்

கருப்பன் 2. வெள்ளச்சி இன்னும் 4, ஆனால் தின்கிறது.

ஏப்ரல் 16, புதன்

மார்ச் 25 இரவு அடைக்கோழிக்குப் பதினோரு முட்டை வைத்திருந்தோம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வைத்துப் பார்த்தபோது இரண்டில் ஒன்றுமே இல்லை, வெறும் மஞ்சள் வெளிச்சம். மற்ற ஒன்பதிலும் நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு. இரண்டையும் எடுத்துவிட்டோம்.

நேற்றோடு 21 நாள். காலை ஆறு மணிக்கு ஓட்டில் முதல் விரிசல். மகள் பள்ளி விட்டு வந்து பார்த்தாள், விரிசல் அப்படியே இருந்தது, உள்ளே கீச்சென்று குரல் மட்டும். "அம்மா, அதால முடியல, நான் கொஞ்சம் உரிச்சு விடட்டுமா?" என்று அழுகிற மாதிரி கேட்டாள். விடவில்லை. ஓட்டுக்கு உள்ளே இருக்கிற சவ்வில் இன்னும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கரு முழுவதும் குஞ்சின் வயிற்றுக்குள் போயிருக்காது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் வடிந்தே செத்துவிடும். முதல் விரிசலிலிருந்து வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். தாய்க்கோழி தொண்டைக்குள்ளேயே மெல்லக் கொக்கொக் என்று பேசிக்கொண்டிருந்தது, உள்ளிருந்து பதில் வந்தது. இரவு ஒன்பதரைக்கு ஓட்டைச் சுற்றி வட்டமாக விரிசல் ஓடி, மூடி மாதிரி திறந்தது. ஈரமான ஒரு சிறகு வெளியே வந்து படிந்தது. அவள் மூச்சு விடவில்லை.

இன்று காலை எட்டுக் குஞ்சு. ஒன்பதாவது ஓட்டைத் தட்டக்கூட இல்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவே குஞ்சுக்கு இரண்டு நாள் தாங்கும், அதனால் தீவனத்துக்கு அவசரமில்லை. தண்ணீர் மட்டும் ஆழமில்லாத தட்டில், கூழாங்கல் போட்டு.

ஏப்ரல் 25, வெள்ளி

முதலில் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். மாட்டை விட்டுவிட்டுக் கோழியும் காய்கறியும் மட்டும் தொடங்கலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்களாம். மிக நல்ல முடிவு. எங்கள் கணக்குப்படி அது ஒன்பதரை மணி நேரம், உங்களுக்கு இன்னும் குறையும். 14 இல் மிச்சம் இருக்கும். ஒரு வருடம் கழித்து இரண்டு ஆடு, இரண்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். ஆடு தனியாக இருக்காது, கத்திக் கத்தியே இளைத்துவிடும். மாடு அதற்கப்புறம், வீட்டில் காலையும் மாலையும் ஒருவர் தவறாமல் இருக்க முடியும் என்றால். காலியான புதனையும் வாசலில் நிற்கும் பத்து நிமிடத்தையும் கோழி மட்டும் இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

எங்கள் மாட்டுக்கு நேற்று மாலை கடைசிக் கறவை. செப்டம்பர் 16 சினை ஊசி, 280 நாள் கணக்கில் ஜூன் 23 கன்று. ஈனுவதற்கு 60 நாள் முன்பு பாலை வற்றவிட்டால்தான் மடி ஓய்ந்து புதிதாகத் தயாராகும், சீம்பாலும் நன்றாக ஊறும். இரண்டு வாரமாக அடர்தீவனத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம், பால் நாளுக்கு மூன்று லிட்டருக்கு இறங்கியிருந்தது. இனி மடியைத் தொட்டுக் கறக்கக் கூடாது. காலையும் மாலையும் தள்ளி நின்று பார்க்க வேண்டும்: ஒரு காம்பு மட்டும் வீங்கிச் சிவந்தால் மருத்துவர். நோட்டில் மாட்டுக்கு இருந்த 13 மணி நேரம் இனி 4 ஆகும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மடி முதல் நாள் இறுகியது, இன்று தளர்ந்திருக்கிறது. நான்கு காம்பும் ஒரே மாதிரி. வெள்ளச்சி 3.

நேற்று மாலை 5 மணிக்கு அத்தை பழக்கத்தில் முக்காலியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போயிருக்கிறார். மாடும் கறக்கும் இடத்தில் வந்து, பக்கவாட்டில் திரும்பி, பின்னங்காலை அகட்டி நின்றிருக்கிறது. நான் போனபோது அத்தை முக்காலியில் உட்கார்ந்து அதன் கழுத்தடியைச் சொறிந்துகொண்டிருந்தார். நோட்டில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது, இருபது நிமிஷம்" என்றார்.